நாட்டுக்காக வாங்கும் துணியில் தறிக்காரருக்கு என்ன கிடைக்கிறது?

1931 நவம்பரில் பிரிட்டனின் பட்டத்து இளவரசர் வானொலியில் தம் மக்களோடு பேசினார். நாடு பணமுடையில் தவிக்கிறது, ஆகவே பிரிட்டிஷ் பொருளையே கேட்டு வாங்குங்கள் என்பது அவருடைய வேண்டுகோள். கடைகளும் பத்திரிகைகளும் அதைத் தேசக் கடமையாகப் பரப்பின. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1932 ஜனவரி 4 அன்று, காந்தி கைதான அதே நாளில், டில்லியில் இருந்த பிரிட்டிஷ் இந்திய அரசு அவசரச் சட்டங்களை அடுக்கடுக்காகப் பிறப்பித்தது. அவற்றுள் ஒன்று கடை மறியலையும் பகிஷ்காரத்தையும் அடக்குவதற்கென்றே வந்தது. லண்டனில் தேசபக்தி என்று போற்றப்பட்ட செயல் இந்தியாவில் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆறு நாள் கழித்து, ஜனவரி 10 அன்று, அன்றைய கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த திருப்பூரில் கொடியேந்திப் போன சிறிய ஊர்வலத்தைப் போலீஸார் அடித்து நொறுக்கினார்கள். சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, திருப்பூரில் கணக்கெழுதும் வேலை பார்த்த குமரன் மண்டை உடைந்து மறுநாள் இறந்தார்.

அதே ஆண்டு ஜூலையில் கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் பேரரசின் பொருளாதார மாநாடு கூடியது. தாய்நாடான பிரிட்டனும் அதன் குடியேற்ற நாடுகளும் ஒன்றுக்கொன்று வரிச் சலுகை கொடுத்து, ஒன்றின் பொருளை மற்றொன்று வாங்கிக்கொள்வது என்று பேசி முடிவு செய்யும் மாநாடு. அங்கே இந்தியாவின் சார்பில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கோயமுத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார். அதே காலத்தில்தான் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, மின்கம்பிகள் கோயமுத்தூரை நோக்கி இறங்கின. ஒரே மாவட்டம், ஏறக்குறைய ஒரே காலம்: தெருவில் ஒரு உயிர்ப்பலி, மாநாட்டு மேசையில் ஒரு கையெழுத்து, மலையிலிருந்து இறங்கிய ஒரு மின்கம்பி. கொங்கு நாட்டின் பஞ்சும் நூலும் எப்படி வளர்ந்தன என்று கேட்டால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகப் படுவது ஒன்று. நாட்டுப்பற்றோடு பொருள் வாங்குவது பெரிய ஆற்றல். ஆனால் அது வரியாகவும் சட்டமாகவும் கூலியாகவும் மாறினால்தான் பொருளைச் செய்தவர் கைக்குப் போய்ச் சேரும். மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவர்களுக்கே அந்தப் பற்று பயன்படும்.

இந்தப் பாடத்தை முதலில் கற்றுக்கொண்ட நாடு இங்கிலாந்துதான். 17ஆம் நூற்றாண்டில் அங்கே இறந்தவர்களைக் கம்பளித் துணியில்தான் சுற்றிப் புதைக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். மீறினால் 5 பவுண்டு அபராதம். உள்நாட்டுக் கம்பளித் தொழிலைக் காப்பாற்றப் பிணத்தையும் விடவில்லை. இந்தியாவிலிருந்து போன அச்சடித்த பருத்தித் துணி அங்கே பெண்களின் மனத்தைக் கவர்ந்தபோது, 1719இல் லண்டன் நெசவாளர்கள் அதை உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து உடையைக் கிழித்தார்கள். 1700இல் போட்ட தடைச் சட்டமும் வேண்டுகோளும் அடிதடியும் போதவில்லை என்று கண்டு, 1721இல் நாடாளுமன்றம் மறுபடியும் சட்டம் இயற்றி இந்தியத் துணியைத் தடுத்தது. தொழில் வளர்ந்து, லங்காஷயர் ஆலைகள் உலகுக்கே துணி கொடுக்கும் நிலைக்கு வந்த பிறகுதான் தடையில்லா வணிகமே தர்மம் என்று அந்த நாடு பேசத் தொடங்கியது.

அந்தத் தர்மம் நம்மிடம் எப்படி நடந்துகொண்டது என்பதை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். 1894இல் இந்திய அரசு பணத் தேவைக்காக வெளிநாட்டுப் பருத்தித் துணிக்கு 5 சதவீத இறக்குமதி வரி போட்டது. லங்காஷயர் கூச்சல் போட்டது. உடனே இந்திய ஆலைகளில் நூற்ற 20ஆம் நம்பருக்கு மேற்பட்ட நூலுக்கும் அதே 5 சதவீத உற்பத்தி வரி விழுந்தது. 1896இல் அதை மாற்றி, வரும் துணிக்கு 3.5 சதவீதம், இங்கே ஆலையில் நெய்யும் துணிக்கும் 3.5 சதவீதம் என்று சமப்படுத்தினார்கள். சொந்த நாட்டு ஆலைக்கு எள்ளளவும் சாதகம் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகவே சொந்த நாட்டு அரசு வரி விதித்தது. 1925 டிசம்பரில் நிறுத்தி வைக்கப்படும் வரை இந்த வரி நீடித்தது. இடைப்பட்ட காலத்தில் மான்செஸ்டர் வணிகர்கள் துணிச் சுருள்களின் மேல் லட்சுமி படத்தையும் கிருஷ்ணர் படத்தையும் அச்சிட்டு ஒட்டி அனுப்பினார்கள். வாங்குபவரின் பக்தியைக்கூட வணிகத்துக்குப் பயன்படுத்த அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பேரரசு முழுவதையும் ஒரே சந்தையாகக் காட்டும் பிரசாரம் 1926இல் பெரிய அளவில் தொடங்கியது. பேரரசுச் சந்தை வாரியம் என்ற அரசு அமைப்பு லண்டனில் ஏற்பட்டது. வண்ணச் சுவரொட்டிகளும் திரைப்படங்களும் கண்காட்சிகளும் தயாரித்து, பேரரசின் பொருளையே வாங்குங்கள் என்று ஆங்கில இல்லத்தரசிகளுக்குச் சொல்வதே அதன் வேலை. அதன் புகழ்பெற்ற தந்திரம் ஒரு கிறிஸ்துமஸ் புட்டு. அரண்மனைச் சமையல்காரர் கொடுத்த செய்முறையில் ஆஸ்திரேலியாவின் உலர் திராட்சை, கனடாவின் ஆப்பிள், இலங்கையின் பட்டை, சான்சிபாரின் கிராம்பு, ஜமைக்காவின் ரம், இந்தியாவின் மசாலா எல்லாம் சேர்ந்திருந்தன. ஒரு பாத்திரத்துக்குள் முழுப் பேரரசு. பார்க்க அழகான கற்பனைதான். ஆனால் அந்தப் பாத்திரத்துக்குள் போன நாடுகள் சமமானவை அல்ல. கனடாவும் ஆஸ்திரேலியாவும் தங்கள் தொழிலைக் காக்கப் பிரிட்டிஷ் பொருளுக்கே வரி போடும் உரிமை பெற்றிருந்தன. இந்தியாவுக்கு அந்த உரிமை முதல் உலகப் போருக்குப் பிறகுதான், அதுவும் அரைகுறையாக, கிடைத்தது. கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. ஒட்டாவாவில் வரிச் சலுகைகள் ஒப்பந்தமான மறு ஆண்டே, 1933 செப்டம்பரில், அந்த வாரியம் மூடப்பட்டது. சுவரொட்டி ஏழு ஆண்டுகளாகக் கெஞ்சிக் கேட்டதைச் சுங்க வரி கட்டாயமாகவே செய்து கொடுத்தது. பிறகு சுவரொட்டிக்கு என்ன தேவை?

நம் பக்கத்தில் இதே உண்மை கசப்பாக வெளிப்பட்டது தூத்துக்குடியில். 1906இல் வ.உ.சிதம்பரனார் 25 ரூபாய் பங்குகளாக 10 லட்ச ரூபாய் மூலதனம் திரட்டும் திட்டத்தோடு சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே மக்கள் சுதேசிக் கப்பலில்தான் போவோம் என்று நின்றார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை வெட்டியது; பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்ளவும் பயணிக்குக் குடை கொடுக்கவும் முன்வந்தது என்பது நாடறிந்த கதை. பயணிகளின் பற்று அப்போதும் முற்றாக அற்றுப்போகவில்லை. ஆனால் 1908இல் அரசு சிதம்பரனாரைச் சிறையில் தள்ளியது. கோயமுத்தூர் மத்தியச் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கு இன்றும் அங்கே நினைவுப் பொருளாக இருக்கிறது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பயணி நம்மவர், பணம் நம்முடையது, துறைமுகமும் சட்டமும் நீதிமன்றமும் மட்டும் அவர்களுடையவை. அந்த மூன்றும் போதுமாக இருந்தன.

அடுத்த அலை கதர். அதற்குக் கொங்கு நாட்டில் தலைநகர் என்று சொல்லத்தக்க ஊர் திருப்பூர். அகில பாரத நூற்போர் சங்கம் 1925இல் ஏற்பட்ட பிறகு தமிழ்நாட்டுக் கதர் வேலையின் மையமாக அந்த ஊர் வளர்ந்தது. காங்கிரஸில் இருந்த ஆண்டுகளில் ஈரோட்டுப் பெரியார் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். கைராட்டையில் நூற்று, கைத்தறியில் நெய்த துணி ஆலைத் துணியைவிட விலை கூடுதல், முரட்டுத்தனமும் கூடுதல். அந்த விலை வித்தியாசத்தை வாங்குபவர் விரும்பிக் கொடுத்தார் என்பதே கதரின் பெருமை. அந்தக் காசு நேராக நூற்கும் பெண்ணின் கைக்குப் போனது. வறட்சிக் காலத்தில் புன்செய்க் காட்டு வேலை இல்லாத குடும்பத்துக்கு அது கஞ்சிக்கு ஆகும் காசு. சுதேசியின் தூய வடிவம் இதுவே என்று நான் நினைக்கிறேன்: வாங்குபவர் கூடுதலாகக் கொடுப்பது எவ்வளவு, அது யாருக்குப் போகிறது என்று இரண்டும் வெளிச்சத்தில் இருந்தன. இதிலும் போலி நுழைந்தது. ஜப்பான் ஆலைகளும் லங்காஷயர் ஆலைகளும் நம் நாட்டு ஆலைகளும்கூட முரட்டு நூலில் கதர் போலவே நெய்து, கதர் என்ற பெயரிலேயே விற்றன. 1934இல் கதர் என்ற பெயரைக் காக்கத் தனிச் சட்டம் தேவைப்பட்டது. பற்று எவ்வளவு ஆழமானாலும், பெயரைக் காக்க ஒரு சட்டம் இல்லாவிட்டால் அதைத் திருடிவிடுகிறார்கள்.

கதர் பலருக்குக் கஞ்சி ஊற்றியது. ஆனால் கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று அழைக்க வைத்தது கதர் இல்லை, நூல் ஆலைகள். ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1888இல் இங்கே முதல் ஆலையைத் தொடங்கினார். 1910இல் ஜி.குப்புசாமி நாயுடு லட்சுமி மில்லுக்கு வித்திட்டார். அதற்குப் பிறகும் வளர்ச்சி மெதுவாகத்தான் இருந்தது. 1930களில்தான் ஆலைகள் வரிசையாக முளைத்தன. ஏன் அப்போது? பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியா பருத்தி, மாடு பூட்டிக் கவலையில் இறைத்த கிணற்றுத் தண்ணீரில் கொங்கு மண்ணில் நன்றாக விளைந்தது. அதன் இழை நீளம், நயமான நம்பர் நூல் நூற்கத் தக்கது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் பஞ்சு விலை விழுந்து, விவசாயத்தில் போட்ட பணத்துக்கு வருமானம் இல்லாமல் போகவே, ஊர்ப் பணக்காரர்களின் முதல் ஆலைப் பங்குகளுக்குத் திரும்பியது. பைக்காரா மின்சாரம் நிலக்கரிச் செலவிலிருந்து விடுவித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1930 முதல் அந்நியத் துணிக்கு இறக்குமதி வரி ஏறிக்கொண்டே போனது. கோயமுத்தூர் ஆலைகள் பெரும்பாலும் நூல் மட்டுமே நூற்றன. அந்த நூலை வாங்கி நெய்தவர்கள் சுற்று வட்டாரத்துக் கைத்தறிக்காரர்கள். அந்நியத் துணி விலகிய இடத்தை உள்ளூர் நூலும் உள்ளூர்த் தறியும் சேர்ந்து நிரப்பின. இத்தனைக்கும் அந்த ஆலைகளுக்குள் சுழன்ற கதிர்கள் பெரும்பாலும் லங்காஷயரில், ஓல்டாமின் பிளாட் கம்பெனி போன்றவை செய்த இயந்திரங்களே. துணியில் பிரிட்டனை விலக்கிய ஊர் இயந்திரத்தில் அதையே நம்பியிருந்தது. அந்தச் சார்பும் தீர, பாலசுந்தரம் நாயுடுவின் டெக்ஸ்டூல் போன்ற பட்டறைகளும் பின்னாளில் லட்சுமி இயந்திர ஆலையும் வர வேண்டியிருந்தது.

வரி என்றதும் ஒட்டாவாவுக்குத் திரும்ப வேண்டும். சண்முகம் செட்டியாரைத் தேசத்துரோகி என்று ஒதுக்கிவிடுவது எளிது, அது நியாயமில்லை. 1932 பிப்ரவரியில் பிரிட்டன் தடையில்லா வணிகம் என்ற தன் நெடுங்காலக் கொள்கையைக் கைவிட்டு, வரும் பொருள்களுக்குப் பொதுவாக 10 சதவீத வரி போட்டது. பேரரசு நாடுகளுக்கு அதிலிருந்து விலக்கு, அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். உடன்பாட்டுக்கு வராத நாடு அந்தச் சலுகையை இழக்கும். சென்னை மாகாணத்தின் பதனிட்ட தோலுக்குப் பிரிட்டனே முதன்மையான சந்தை. தேயிலை, சணல், எண்ணெய்வித்து ஆகியவற்றுக்கும் அங்கே பெரிய சந்தை இருந்தது. வெளியே நின்றால் ஈரோடு, திண்டுக்கல் தோல் மண்டிகள் முதல் நீலகிரித் தேயிலைத் தோட்டம் வரை அடி வாங்கும். உள்ளே போனால் பிரிட்டிஷ் பொருள்களுக்கு நாமும் இறக்குமதி வரியில் 10 சதவீத வித்தியாசம் தர வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் உள்ளே போவதே மேல் என்பது அவருடைய வாதம். கணக்குப் பார்க்கத் தெரிந்த வணிகரின் வாதம் அது. மக்கள் அதை ஏற்கவில்லை. 1934 தேர்தலில் மத்திய சட்டசபையின் தலைவராக இருந்தபோதே அவர் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார். ஒட்டாவாவுக்குத் துணை நின்றது தோல்விக்கு ஒரு காரணம் என்று அப்போதே பேசப்பட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராக 1947 நவம்பரில் முதல் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தவரும் அவரே என்பதை நினைவில் வைத்தால், அவருடைய திறமையையோ நோக்கத்தையோ குறைசொல்லத் தோன்றாது.

குறை எங்கே இருந்தது என்றால், பேரம் பேசும் மேசையில் நம் பக்கத்து நாற்காலிகளில் யாரை உட்கார வைப்பது என்பதையும் எதிர்ப்பக்கத்து அரசின் ஆட்களே தீர்மானித்ததில் இருந்தது. 1930இலேயே பிரிட்டிஷ் துணிக்கு 15 சதவீதம், மற்ற நாட்டுத் துணிக்கு 20 சதவீதம் என்று இருவேறு வரி வந்தபோது, பாதுகாப்பு வேண்டுமானால் பிரிட்டனுக்குச் சலுகையையும் சேர்த்து ஏற்றுக்கொள் என்ற நிபந்தனையை எதிர்த்து தேசியத் தலைவர் மதன்மோகன் மாளவியா சட்டசபையை விட்டே வெளியேறினார். 1936 மார்ச்சில் சட்டசபை ஒட்டாவா ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வாக்களித்தது. 1939இல் புதிய ஒப்பந்தம் வந்தபோது அதையும் நிராகரித்தது. நிராகரித்த ஒப்பந்தமே நடைமுறைக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவர் போட்ட கையெழுத்தை உடன்பாடு என்று எப்படிச் சொல்வது?

அதே ஆண்டுகளில் ஜப்பானோடு நடந்த பேரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1932-33இல் ஜப்பான் துணி பிரிட்டன் துணிக்கு ஏறத்தாழச் சமமாக இந்தியாவில் இறங்கியது, அவ்வளவு மலிவு. இந்திய அரசு 1933 ஜூனில் அதற்கு 75 சதவீத வரி போட்டது. ஜப்பான் ஆலைகள் பதிலுக்கு இந்தியப் பஞ்சை வாங்குவதை நிறுத்தின. நம் குட்டை இழைப் பருத்தியை அதிகமாக வாங்கியவர்கள் அவர்கள்தான். நீள இழை அமெரிக்கப் பஞ்சுக்குப் பழகிய லங்காஷயர் அதை அதிகம் சீண்டியதில்லை. பருத்தி விவசாயியின் கூக்குரல் அரசை எட்டியது. 1934 ஜனவரியில் முடிவான உடன்பாடு கெஜத்துக்குப் பேல் என்று கணக்குப் போட்டது: ஜப்பான் ஆண்டுக்கு 10 லட்சம் பேல் இந்தியப் பஞ்சு வாங்கினால் 32.5 கோடி கெஜம் துணி அனுப்பலாம். 15 லட்சம் பேல் வாங்கினால் 40 கோடி கெஜம் வரை அனுப்பலாம். பாசம், பேரரசு, தாய்நாடு என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. நீ இவ்வளவு வாங்கு, நான் இவ்வளவு வாங்குகிறேன் என்ற வெளிப்படையான கணக்கு மட்டும் இருந்தது. உறவு கொண்டாடிய நாட்டைவிட, அந்நிய நாட்டோடு போட்ட கணக்கு நம் காட்டுப் பஞ்சுக்கு நேர்மையாக இருந்தது. லங்காஷயரே பிறகு 1939 ஒப்பந்தத்தில் துணி வரியைப் பஞ்சுக் கொள்முதலோடு பிணைக்க ஒப்புக்கொண்டது, இந்த முன்மாதிரியின் வலுவால்தான் என்பது என் துணிபு.

இங்கே ஒருவர் கேட்கலாம்: வரியும் பேரமும்தான் எல்லாம் என்றால் குமரன் எதற்காக இறந்தார், பகிஷ்காரத்தால் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது. 1913இல் பிரிட்டன் இந்தியாவுக்கு ஏறத்தாழ 300 கோடி கெஜம் பருத்தித் துணி அனுப்பியது. 1938இல் அது 30 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே கால அளவில் இந்திய ஆலைகளின் துணி உற்பத்தி சுமார் 120 கோடி கெஜத்திலிருந்து 400 கோடிக்கு மேல் ஏறியது. இந்த மாற்றத்தில் ஜப்பானின் மலிவு, உலக வீழ்ச்சி, ஆலைகளின் வளர்ச்சி, இறக்குமதி வரி எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. 1930இன் மறியலுக்கும் ஐயமில்லாமல் பங்கு உண்டு. 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷயரின் டார்வன் நகருக்கே போய் வேலையிழந்த தொழிலாளர்களைச் சந்தித்தது அந்த அடியின் வலிமைக்குச் சான்று. ஆனால் மறியலின் பெரிய பலன் வேறு இடத்தில் இருந்தது என்பேன். தெருவில் மக்கள் நின்றதால்தான் அரசு இந்திய ஆலைகளின் பாதுகாப்புக் கோரிக்கையைத் தட்டிக்கழிக்க முடியாமல் போயிற்று. தெரு வரியாக மாறியது. வரி ஆலையாக மாறியது. அந்த மாற்றம் இல்லாமல் தெரு மட்டும் இருந்திருந்தால் தூத்துக்குடியின் கதை மீண்டும் நடந்திருக்கும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. மலிவுத் துணி ஏழைக்கு நல்லதுதானே, நாட்டின் பெயரால் அவனைக் கூடுதல் விலை கொடுக்க வைப்பது நியாயமா என்பது அது. பாதுகாப்பு வரியின் சுமை கடைசியில் ஒரு முழ வேட்டிக்குக் காசு எண்ணுபவர் தலையில்தான் விழுகிறது. இதை மறுக்க முடியாது. அந்தச் சுமைக்கு ஈடாக அவருக்கு என்ன திரும்பி வருகிறது என்று பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கதரில் நூற்பவருக்குக் கூலியாகத் திரும்பியது. 1930களின் கோயமுத்தூரில் ஆலை வேலையாகவும் தறிக்கு நூலாகவும் ஓரளவு திரும்பியது. ஒட்டாவாச் சலுகையில் நம்மவர் கொடுத்த விலை வித்தியாசம் கடல் கடந்து போனது. பற்றின் பெயரால் யார் கேட்டாலும், கூடுதல் விலை எந்தக் கைக்குப் போகிறது என்று கேட்பது ஏழையின் உரிமை.

இந்தக் கேள்வியோடு இன்றைய கருமத்தம்பட்டிக்கு வருவோம். அவிநாசிச் சாலையில், கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவில், சோமனூரை ஒட்டி இருக்கும் இந்த ஊரும் சுற்றுக் கிராமங்களும் விசைத்தறிச் சத்தத்திலேயே விடிந்து விசைத்தறிச் சத்தத்திலேயே உறங்குபவை. தறிக்காரர்களில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலும் ஊடை நூலும் கொடுப்பார்; தறி, கொட்டகை, மின்சாரம், ஆள் எல்லாம் தறிக்காரருடையவை; நெய்து கொடுத்த துணிக்கு மீட்டர் கணக்கில் கூலி. இங்கிருந்து போவது சாயமோ அச்சோ ஏறாத காடா துணி. அது வடநாட்டுப் பதனிடும் ஊர்களுக்குப் போய், வெளுத்து, அச்சடித்து, யாரோ ஒருவரின் பெயரைத் தாங்கிக் கடைக்கு வருகிறது. நெய்த ஊரின் பெயர் அதில் எங்கும் இருப்பதில்லை.

2025இல் சுதேசிப் பேச்சு மீண்டும் உரக்க எழுந்தது. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த திருப்பூர் அதிர்ந்தது. உள்நாட்டுப் பொருளை வாங்குங்கள் என்று பிரதமர் முதல் பலரும் கேட்டுக்கொண்டார்கள். ஒரு மாதம் முன்னதாக, ஜூலை 24 அன்று, பிரிட்டனோடு தடையில்லா வணிக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. இந்திய ஆடைக்கு அங்கே சுங்க வரி இல்லாமல் போகும் என்பது அதில் திருப்பூருக்குக் கிடைத்த நம்பிக்கை. கம்பளியைக் காக்க நம் துணியைத் தடுத்த நாடு, 300 ஆண்டு கழித்து நம் ஆடையை வரியின்றி ஏற்க இசைந்திருக்கிறது. இம்முறை பேரம் பேசியது நாம் தேர்ந்தெடுத்த அரசு. ஒட்டாவாவுக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு அதுதான், அது சிறிய வேறுபாடு இல்லை.

ஆனால் அதே 2025இன் வசந்த மாதங்களில் கருமத்தம்பட்டி, சோமனூர், பல்லடம் வட்டாரத்துத் தறிகள் நின்றிருந்தன. கூலி உயர்வு கேட்டுத் தறிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022இன் தொடக்கத்திலும் வாரக்கணக்கில் நிறுத்தியிருந்தார்கள். பேச்சுவார்த்தையில் கூலி ஒப்புக்கொள்ளப்படுகிறது, பிறகு கொடுக்கப்படுவதில்லை என்பது நெடுநாள் புகார். அதனால் இம்முறை அவர்கள் கேட்டது வெறும் உயர்வை இல்லை, சட்டப் பாதுகாப்போடு கூடிய உயர்வை. கதருக்குப் பெயர்ச் சட்டம் தேவைப்பட்டது போல, ஆலைக்கு வரிச் சட்டம் தேவைப்பட்டது போல, தறிக்கூலிக்கும் ஒரு சட்டம் தேவை என்று அவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டிருக்கிறார்கள். வரலாறு அவர்கள் பக்கம் நிற்கிறது.

கூலியை ஏற்றினால் துணி விலை ஏறும், ஆர்டர் மகாராஷ்டிரத்தின் பிவண்டிக்கும் இச்சல்கரஞ்சிக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடும் என்று உற்பத்தியாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அவர்களும் நூல் விலை ஏற்ற இறக்கத்தில் தவிப்பவர்கள்தான். அதற்காகத்தான் அரசு இடையில் நிற்க வேண்டும். நிற்க முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 1983இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய பொங்கல் இலவச வேட்டி சேலைத் திட்டம் ஏழைக்குத் துணி கொடுப்பதோடு, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கூலி நிர்ணயித்த ஆர்டராகவும் போய்ச் சேர்கிறது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை இலவச மின்சாரம் கிடைக்கிறது. பொது மக்களின் வரிப்பணம் இவ்வளவு தூரம் தறிக்கொட்டகைக்குள் வருகிறது என்றால், ஒப்புக்கொண்ட கூலி அங்கே கொடுக்கப்படுகிறதா என்று கேட்கும் உரிமையும் பொது மக்களுக்கு உண்டு.

அந்தக் கேள்வியைக் கடையிலிருந்தே தொடங்கலாம். அடுத்த முறை வேட்டியோ போர்வையோ சட்டைத் துணியோ வாங்கும்போது, இந்தியாவில் செய்தது என்ற முத்திரையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இது எந்த ஊர்த் தறியில் நெய்தது, நெய்தவருக்கு மீட்டருக்கு என்ன கூலி என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாது, அவர் மொத்த வியாபாரியைக் கேட்கட்டும், மொத்த வியாபாரி உற்பத்தியாளரைக் கேட்கட்டும். நெய்த ஊரும் கூலி உடன்பாடும் துணியின் விளிம்பில் அச்சாகும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள். வாக்குக் கேட்டு வருபவர்களிடமும் கூலிச் சட்டம் எங்கே என்று கேளுங்கள்.